உள் ரூம் கட்டையும் எங்க மாமாவும்

வீட்டு வேலை முடிஞ்சிதா முடிஞ்சிதான்னு கேக்குற எல்லாருக்கும் சேத்து ஒரே பதிலா சொல்லிடறேன். முடிஞ்சிடுச்சி, ஆனா முடியல. பின்பக்க பாத்ரூம் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் வரல, அதனால உள்ள இருக்கறவங்க பாடிக்கிட்டே குளிக்கணும்னு சின்னவன் சட்டம் போட்டிருக்கான். மத்தபடி மேல தளம் இருக்கு, கீழ அடுப்பு எரியுது. இப்போதைக்கு அது போதும்.

எங்களது வேலூர் தோட்டப்பாளையத்துல ஒரு பழைய வீடு. எங்க வீட்டுக்காரரோட தாத்தா 1950கள்ல கட்டுனது. மெட்ராஸ் டெரஸ்னு சொல்லுவாங்க, இப்ப இருக்கற பசங்க பாத்திருக்க மாட்டாங்க. சுவத்து மேல ஒன்றரை அடிக்கு ஒண்ணா மரக்கட்டைங்கள வரிசையா போட்டு, அதுக்கு மேல பிஸ்கெட் மாதிரி மெல்லிசா ஒரு இன்ச் கனத்துல செங்கல்லு, அத படுக்க வைக்காம குத்துவாட்டுல சாய்வா நிக்க வச்சி சுண்ணாம்புல ஒட்டுவாங்க, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், கடைசியா தட்டோடு. கம்பியே கிடையாது. அந்தத் தளத்த பொம்பளைங்க வரிசையா குந்திக்கிட்டு நாள்கணக்கா மரக்கட்டையால அடிப்பாங்களாம், கடுக்காயும் வெல்லமும் ஊறுன தண்ணிய தெளிச்சி தெளிச்சி. இது அத்தைக்கு, அதான் என் மாமியாருக்கு, அவங்க மாமியார் சொன்னது, அத்தை எனக்கு ஒரு முப்பது தபா சொன்னது. பெருமை பேசறதுக்கும் காரணம் இருக்கு, கத்திரி வெயில்ல வெளிய தார் ரோடு உருகும், எங்க உள் ரூமுக்குள்ள வந்தா கோயில் பிரகாரத்துல நுழைஞ்ச மாதிரி ஜில்லுனு இருக்கும்.

2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்துச்சி இல்ல, எல்லாரும் பாலத்து மேல வண்டிய நிறுத்திட்டு தண்ணிய வீடியோ எடுத்தோமே, அந்த மழையில தான் எங்க வீடு ஒழுக ஆரம்பிச்சது. (வேலூர்னா தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்னு கிண்டல் பண்ணுவாங்க. சாமி 1981லயே கோட்டைக்குள்ள திரும்பி வந்துட்டாரு. ஆறும் அந்த வருஷம் வந்துச்சி, வந்து எங்க அடுப்பங்கரையில சொட்டுச்சி.) மூணு வருஷம் குண்டான் வச்சி சமாளிச்சோம். அப்பறம் ஒரு சீட்டு பணம் கைக்கு வந்ததும் சரி, கிச்சன மட்டும் கொஞ்சம் மாத்திக்கலாம், மேல வாட்டர் ப்ரூஃப் அடிச்சிடலாம், ரெண்டரை லட்சத்துல முடிச்சிடலாம்னு முடிவு பண்ணோம். ரெண்டரை லட்சம். இப்ப நெனச்சா சிரிப்பு வருது.

தை மாசம் கடைசியில மேஸ்திரி வந்தாரு. கண்ணமங்கலம் பக்கம் ஒரு கிராமம் அவரு. அளவா பேசுவாரு, அந்த அளவான பேச்சுலயும் பாதி "ரெண்டே நாளும்மா" தான். எவ்ளோ ஒழுகுதுன்னு பாக்கறதுக்காக உள் ரூம்ல ஏணி போட்டு ஏறி, கையில சுத்தி, கட்டைய ஒண்ணொண்ணா தட்டிக்கிட்டே போனாரு. மொத்தம் ஏழு கட்டை. முதல் கட்டை டங்குனு சொல்லுச்சி. ரெண்டாவது டங்கு. மூணு, நாலும் அப்படியே. அஞ்சாவத தட்டுனாரு பாருங்க, தொப்புனு ஒரு சத்தம், பூசணிக்காய தட்டுனா வருமே அப்படி. மறுபடி தட்டுனாரு, கொஞ்சம் தள்ளி தட்டுனாரு, எறங்கி வந்துட்டாரு.

"அக்கா, இதுங்கீழ யாரு படுக்கறது?"ன்னாரு.

யாரும் படுக்கறதில்ல. அது தான் விஷயமே, ஆனா அப்ப எனக்கு தெரியல.

நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து அந்தக் கட்டைய பாக்கறேன். எல்லாத்துக்கும் அடிச்ச அதே பச்சை பெயிண்ட் தான், ஆனா நடுவுல ஒரு முழ நீளத்துக்கு மட்டும் மொழுக்குனு இருக்கும். வருஷா வருஷம் போகிக்கு முன்னாடி மாமா, அதான் எங்க மாமனாரு தான் ஏணி போட்டு ஏறி அந்த ஏழு கட்டைக்கும் பெயிண்ட் அடிப்பாரு, பெயிண்டர் வீட்டுக்கு வந்திருந்தா கூட அந்த வேலைய மட்டும் விடமாட்டாரு. "பர்மா தேக்குமா, கண்டவன் கைய வைக்கக் கூடாது"ன்னுவாரு. கவர்மெண்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு, காசு விஷயத்துல ரொம்ப கறார், சரி கூலி மிச்சம் பண்றாருன்னு தான் நாங்க நெனச்சோம். அவரு போயி அஞ்சு வருஷம் ஆச்சி, அதுக்கப்பறம் யாரும் பெயிண்ட் அடிக்கல.

மேஸ்திரி உளிய வச்சி சொரண்டுனாரு. பச்சை பெயிண்ட் வெங்காயத் தோல் மாதிரி சுருள் சுருளா வந்துச்சி. அடியில ஒரு தகரம். கடலெண்ணெ டின்ன வெட்டி நீட்டி, கட்டையோட மூணு பக்கமும் மடிச்சி, சின்னச் சின்ன ஆணியா ஒரே அளவு எடைவெளி விட்டு அடிச்சிருந்தாரு. ஒரு ஆணி கூட வளையல. தகரத்த நெம்பி எடுத்தா உள்ள மரத்தூளும் ஃபெவிகாலும் குழைச்சி அடைச்சது, அதுக்குள்ள மெழுகுல நனைச்ச வேட்டித் துணி, அதயும் இழுத்தா கட்டை கிடையாது. செல்லு, அதான் கரையான், அரிச்ச மண்ணு மட்டும் பொலபொலன்னு மேஸ்திரி தலையில கொட்டுச்சி.

"தேக்க செல்லு அவ்ளோ சீக்கிரம் தொடாதுமா. ஆறு கட்டை தேக்கு தான், நல்லா கீது. இது ஒண்ணு மட்டும் வேற ஏதோ மரம், மாங்கட்டை மாதிரி கீது, அப்போ காசு பத்தலன்னு போட்டுட்டாங்க போல"ன்னாரு.

எங்க வீட்டுக்காரரு ஆபீஸ் போற டிரஸ்ஸோட நின்னுட்டிருந்தாரு. கொஞ்ச நேரம் மேலயே பாத்தாரு. அப்பறம் "நைனா சாய்வு நாற்காலிய இங்க தான போடுவாரு"ன்னாரு.

ஆமா. சரியா அந்தக் கட்டைக்கு கீழ. அங்க கட்டில் போடலாம்னு அத்தை எத்தனையோ தபா கேட்டிருக்காங்க, காத்து வர்ற எடம்னு, அதெல்லாம் கூடாது காலு சாமி ரூம் பக்கம் நீட்டிக்கும்னு சொல்லிடுவாரு. பசங்க பொறந்தப்ப தூளி கட்டறதுக்கு நான் அந்தப் பக்கம் கேட்டதுக்கு எனக்கும் ஒரு காரணம் சொன்னாரு, என்னன்னு ஞாபகம் இல்ல. ஆனா அவரு மட்டும் ரிட்டையர் ஆனதுல இருந்து பேப்பரும் கையுமா பகல் பூரா அங்கயே உக்காந்திருப்பாரு, வேற யாரும் அங்க உக்கார எடம் இருக்காது.

அத்தை ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் கழிச்சி அடுப்பங்கரையில வந்து, "ரெண்டு பொண்ணுங்கள கட்டிக் குடுக்கணும்னு சொல்லினு இருந்தாரு, இத எங்க சொல்லுவாரு"ன்னாங்க. அப்பறம் அந்தத் தகரத்த எடுத்துனு போயி சாம்பல் போட்டு தேச்சி கழுவி, பின்னாடி இருக்கற உப்புத் தண்ணி ட்ரம்முக்கு மூடியா போட்டுட்டாங்க. இன்னும் அங்க தான் இருக்கு.

சரி. அந்தக் கட்டைய மட்டும் மாத்த முடியுமான்னு கேட்டா முடியாது. ஒண்ண உருவுனா மேல இருக்கற செங்கல்லு ஜல்லி எல்லாம் மொத்தமா வந்துடும், போதாக்குறைக்கு கிச்சன் பக்கம் சுவத்துக்குள்ள போற கட்டை முனைங்க எல்லாம் ஈரத்துல இத்துப் போயிருந்துச்சி. அதனால உள் ரூம், கிச்சன் ரெண்டையும் பிரிச்சி கான்கிரீட் போடணும்னு ஆயிடுச்சி. என்னோட வளையல் நாலும் பேங்குக்கு போச்சி. ரெண்டரைல ஆரம்பிச்சது ஆறே முக்கால்ல வந்து நின்னுச்சி, அதுல தாழ்ப்பாள் சேரல.

அஞ்சு பேரும் முன் ஹால்லயே குடி வந்தோம். பத்துக்கு பன்னெண்டு ஹால். அதுக்குள்ள பீரோ ரெண்டு, ஃபிரிட்ஜு, கிரைண்டர், அரிசி மூட்டை, சாமி படங்க, அத்தையோட கட்டில், தரையில நாங்க நாலு பேரு. சமையல் திண்ணையில, ஒரு இண்டக்ஷன் ஸ்டவ்வு, ஒரு ஒத்தை அடுப்பு. இண்டக்ஷன போட்டா ஃபியூஸ் போவும், ஃபியூஸ் போனா பிரேக்கர் மிஷின் நிக்கும், மிஷின் நின்னா மேஸ்திரி டீ குடிக்க போயிடுவாரு. தெருவுல போறவங்க எல்லாம் எங்க வீட்டு குழம்ப எட்டிப் பாத்து இன்னா கொழம்புன்னு கேட்டுட்டு போவாங்க. ஒரு நாள் எலவம்பாடி முள்ளு கத்திரிக்கா வாங்கி ஆசையா எண்ணெ கத்திரிக்கா பண்ணேன், கரெக்டா தட்டுல போடும்போது உள்ள சுவத்த வெட்டி காடி (பள்ளம்) அடிக்க ஆரம்பிச்சாங்க. மேல வெள்ளையா பவுடர் தூவுன மாதிரி ஆயிடுச்சி. அத்தை மேல இருக்கறத வழிச்சி போட்டுட்டு சாப்புட்டாங்க, "சுண்ணாம்பு தான, வெத்தலையில போட்டு துண்றது இல்லயா"ன்னு.

தூசு பத்தி தனியா ஒரு பதிவே எழுதலாம். மாவு டப்பாவ மூடி, அதுக்கு மேல துணி கட்டி, பீரோக்குள்ள வச்சேன். பீரோக்குள்ள. அப்பவும் இட்லி நறநறன்னு இருந்துச்சி. அப்பறம் நாஷ்டாவ கடையிலயே வாங்கிக்க ஆரம்பிச்சிட்டோம்.

எல்லாரும் ஒரே ரூம்ல படுத்தா சண்டை போட முடியாது, இது அனுபவப்பட்டவங்களுக்கு தான் தெரியும். டைல்ஸ் வாங்குன விஷயத்துல எனக்கும் அவருக்கும் பெரிய தகராறு, என்னைக் கேக்காம பளபளன்னு வழுக்கற டைல்ஸ ஆர்டர் குடுத்துட்டு வந்துட்டாரு, வயசானவங்க இருக்கற வீட்ல. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரே பாய்ல படுத்துக்கிட்டு வாட்ஸப்ல திட்டிக்கிட்டோம். திடீர்னு இருட்டுக்குள்ள இருந்து அத்தை, "அந்த வெளிச்சத்த அணைச்சிட்டு வாய்லயே திட்டிக்கோங்க, நான் காது கேக்காத மாதிரி இருந்துக்கறேன்"னாங்க. டைல்ஸ மறுநாள் மாத்திட்டாரு.

பெரியவளுக்கு அந்த வருஷம் பார்த்து பத்தாவது பப்ளிக். பக்கத்து வீட்டு ஆப்பா (உருதுல அக்கா) தான் காப்பாத்துனாங்க. அவங்க வீட்டு மாடி ரூம தொறந்து விட்டுட்டாங்க, படிக்கறதுக்கும், எங்க அஞ்சு பேருக்கும் பாத்ரூம் போறதுக்கும். அது நோன்பு மாசம் வேற. விடிகாலையில சஹர் சாப்பாட்டுக்கு அவங்க வீட்ல லைட்டு எரியறப்பவே இவளும் எழுந்து போயி படிப்பா. ஆப்பா பகல் பூரா பச்சைத் தண்ணி குடிக்காம இருந்துக்கிட்டு இவளுக்கு மட்டும் பதினோரு மணிக்கு பால் காய்ச்சி எடுத்துனு போவாங்க. சாயங்காலம் நோன்புக் கஞ்சி ஒரு தூக்கு வந்துடும். அந்த மாசம் பூரா எங்க வீட்டு ராத்திரி சாப்பாடு பாதி அது தான்.

கான்கிரீட் போட்ட நாள் ஞாயித்துக்கிழம. மொத நாளே முப்பது மூட்டை சிமெண்ட்டு, எம் சாண்டு, ஜல்லி எல்லாம் தெருவ அடைச்சிக்கிட்டு எறங்கிடுச்சி. பழைய செவுர இடிக்கும்போது உள்ள இருந்து கொட்டுனது பூரா பாலாத்து மணலு, சக்கரை மாதிரி இருந்துச்சி, மேஸ்திரி ஒரு கை அள்ளிப் பாத்துட்டு பெருமூச்சு விட்டாரு. எங்க போர் தண்ணி உப்பு, கம்பிய சாப்ட்ருமாம், அதனால லாரி தண்ணி வாங்குனோம். எலக்ட்ரீஷியன் கம்பி கட்டுனதுக்கு மேல நின்னுக்கிட்டு பைப்பெல்லாம் ஓட்டிட்டு, கீழ எட்டிப் பாத்து "சார், ஃபேன் பாக்ஸ் எங்க வைக்கட்டும்?"னு கேட்டாரு. இவரு சிமெண்ட் மூட்டைய எண்ணிக்கிட்டே கைய நீட்டி ஒரு எடத்த காட்டுனாரு. அவரும் வச்சிட்டாரு. இத இப்ப எதுக்கு சொல்றேன்னா, கடைசியில வரும்.

மறுநாள் தளத்து மேல சிமெண்ட்டுல பாத்தி கட்டி தண்ணி நிறுத்துனாங்க. சின்னவனுக்கு அது ஒரு ரெண்டு வாரத்துக்கு ஸ்விம்மிங் பூல். கணுக்கால் அளவு தண்ணி தான்.

கிச்சன் மேடை கட்ட வந்தப்ப ஒரு கூத்து. வழக்கமா ரெண்டே முக்கால் அடி தான் வைக்கறது, இருந்தாலும் யாரு சமைக்கறதுன்னு சொல்லுங்க, ஒசரம் பாத்து வச்சிடலாம்னாரு மேஸ்திரி. "நான் தான்"னு நானும் அத்தையும் ஒரே நேரத்துல சொன்னோம். எனக்கும் அவங்களுக்கும் அரை அடி வித்தியாசம். மேஸ்திரி ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி பாத்துட்டு, "டீ குட்ச்சிட்டு வரேன்"னு போயிட்டாரு. அப்பறம் மேடை என் ஒசரத்துக்கு, அத்தை நிக்கறதுக்கு ஒரு மணை. பிரிச்ச தேக்குக் கட்டையில ஆசாரி இழைச்சிக் குடுத்தாரு. மீதி கட்டைய பழைய மரம் வாங்கறவரு வந்து விலை கேட்டாரு, அத்தை அவரு வண்டி தெரு முனை தாண்டற வரைக்கும் வாசல்லயே நின்னாங்க. செல்லு அரிச்ச கட்டைய சித்தாள் ஒருத்தங்க வெந்நீர் போட எடுத்துனு போனாங்க.

சித்திரை பொறந்துச்சி, ஆளுங்கள காணோம். எங்க ஜில்லாவுல சித்திரை வைகாசியில வேலை வச்சிக்கிட்டா இது தான். பெயிண்டர் குடியாத்தம்காரரு, வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடியாம கால எடுத்து வெளிய வைக்க மாட்டேன்ட்டாரு. மேஸ்திரி ஊர்ல திரௌபதி அம்மன் கோயில்ல பாரதத் திருவிழா. போன் பண்ணா, "அர்ச்சுனன் தபசு முடிஞ்சதும் வந்துடறேம்மா"ன்னாரு. தபசு முடிஞ்சிது. "படுகளம் கீதுமா, துரியோதனன் செய்யணும், எங்க ஊர்ல நான் தான் செய்யறது"ன்னாரு. என்ன சொல்றது அதுக்கு? சிங்க் மாட்டாம, பாத்திரம் எல்லாம் பின்னாடி கொழாயில தேச்சிக்கிட்டு கெடக்கோம் இங்க.

கோவத்துல எல்லாரும் வண்டிய எடுத்துக்கிட்டு படுகளத்துக்கே போயிட்டோம். போயி பாத்தா, எங்க மேஸ்திரி தான். திடல்ல மல்லாக்க படுத்த மாதிரி துரியோதனன், மண்ணுல, ஒரு பஸ்ஸு நீளத்துக்கு. சுவரு பூசற அதே கரண்டி, அதே மணியாஸ் கட்டை. தண்ணி தெளிச்சி தெளிச்சி அந்தத் தொடைய தேச்சிட்டிருந்தாரு பாருங்க, அப்படி ஒரு வழவழப்பு. எங்க பாத்ரூம் சுவத்துல நான் மூணு தபா சொல்லியும் வராத வழவழப்பு. "நம்ம சிங்க்க விட்டுட்டு வந்து இவருக்கு மீசை வச்சிட்டிருக்காரும்மா"ன்னு சின்னவன் கத்துனான். மேஸ்திரி எங்கள பாத்துட்டு வெக்கத்தோட சிரிச்சிட்டு, ஆளுக்கு ஒரு மோரு வாங்கிக் குடுத்தாரு. கொஞ்ச நேரத்துல பீமன் வேஷக்காரரு வந்து அந்தத் தொடைய அடிச்சி ஒடைச்சாரு, செவப்புத் தண்ணி ஊத்துச்சி, திரௌபதி கூந்தல முடிஞ்சா. அத்தை கண்ணத் தொடைச்சிக்கிட்டாங்க. வர்ற வழியில, "அவ்ளோ நல்லா பண்ணத அரை நாள்ல ஒடைச்சிட்டாங்களே"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. மேஸ்திரி நாலு நாள் கழிச்சி வந்தாரு, சிங்க்க மாட்டுனாரு. கொஞ்சம் சாய்வா தான் இருக்கு.

ஆனி மாசம் பால் காய்ச்சி உள்ள போனோம். அன்னிக்கு அத்தை கட்டில நடு எடத்துல, அந்த அஞ்சாவது கட்டை இருந்த எடத்துல போடச் சொன்னாங்க. "இனிமேட்டு இன்னா பயம், கான்கிரீட் தான"ன்னு. போட்டோம். படுத்தாங்க. அப்ப தான் எல்லாரும் மேல பாத்தோம். ஃபேன் அங்க இல்ல. பழைய காலத்துல ஜன்னலோரமா எங்க தொங்குச்சோ அங்கயே தொங்குது, மாமா தள்ளி வச்ச எடத்துல. அன்னிக்கு இவரு சிமெண்ட் மூட்டை எண்ணிக்கிட்டே கைய நீட்டுனது அந்த எடத்த தான், யோசிக்கவே இல்லயாம், கை தானா அங்க போச்சாம்.

கான்கிரீட் தளம், வேலூர் வெயிலு, ஃபேன் இல்லாம யாரு படுப்பாங்க. ராத்திரி ஒரு மணிக்கு அத்தை எழுந்து, தானே கட்டில இழுத்துக்கிட்டு பழைய எடத்துக்கு போயிட்டாங்க, அந்த சத்தத்துல தெருவே முழிச்சிக்கிச்சி.

இப்ப அந்த எடத்துல ஃபிரிட்ஜு நிக்குது. பிளக் பாயிண்ட் அங்க இருந்துச்சி, வேற ஒண்ணும் இல்ல. உங்க மாமா இருந்திருந்தா அதுக்கும் ஏதாவது ஒரு காரணம் சொல்லி நவுத்தியிருப்பாருன்றாங்க அத்தை.